நகர்வது சரக்கா, அறையா?

விலங்கு உயிரணு உருவாக்கும் புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பிறந்த இடத்தில் தங்குவதில்லை. கணையம் சுரக்கும் செரிமான நொதிகள், இன்சுலின், இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்கள், எலும்பையும் தோலையும் தாங்கும் கொலாஜன், லைசோசோமுக்குள் கழிவைச் சிதைக்கும் நொதிகள் என இவை எல்லாவற்றுக்கும் தொடக்கப் பாதை ஒன்றே. முதலில் எண்டோபிளாச வலைக்குள் நுழைந்து மடிப்புப் பெறுகின்றன. அடுத்து கோல்கை உறுப்பைக் கடக்கின்றன. கிளைவழிகள் அதற்குப் பிறகே பிரிகின்றன.

இந்த வரிசையில் இன்று யாருக்கும் ஐயமில்லை. கோல்கை உறுப்புக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பாலூட்டிகளின் உயிரணுக்களில் இந்த உறுப்பு, சிஸ்டர்னா எனப்படும் தட்டையான சவ்வுப் பைகள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வடிவில் இருக்கிறது. எண்டோபிளாச வலையை நோக்கிய பக்கம் சிஸ் முகம். வெளியேறும் பக்கம் டிரான்ஸ் முகம். புரதத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியைச் செதுக்கும் நொதிகள் இந்தத் தட்டுகளில் ஒரு வரிசைப்படி அமைந்துள்ளன. மேன்னோஸ் அலகுகளை நீக்கும் வேலை பெரும்பாலும் முன்தட்டுகளிலும், கேலக்டோஸையும் சியாலிக் அமிலத்தையும் சேர்க்கும் வேலை பின்தட்டுகளிலும் நடக்கின்றன. ஆக, ஒரு புரதம் சிஸ் முகத்தில் நுழைந்து டிரான்ஸ் முகத்தில் வெளியேறுவதற்குள் அந்த நொதிகளை முறையாகச் சந்தித்தாக வேண்டும்.

சந்திப்பு எப்படி நிகழ்கிறது என்பதே கேள்வி. விருந்தில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் பதார்த்தங்கள் மேசைகளில் இருந்த இடத்தில் இருக்க, விருந்தினர் தட்டை ஏந்திக்கொண்டு மேசைக்கு மேசை நகர்வார். மற்றொன்று பந்தி, விருந்தினர் இலை முன் உட்கார்ந்திருக்க, பரிமாறுகிறவர்கள் முறைப்படி வந்து பரிமாறிவிட்டுத் திரும்பிப் போவார்கள். கோல்கைத் தட்டுகள் நிலையாக இருக்க, சரக்குப் புரதம் தட்டுக்குத் தட்டு நகர்கிறது என்பது முதல் கருத்து. சரக்கு ஒரே தட்டில் இருக்க, அந்தத் தட்டே முன்னேறி முதிர்கிறது, நொதிகள்தான் வந்து திரும்புகின்றன என்பது இரண்டாவது. ஆய்வேடுகளில் முதலாவது நிலையான அறைகள் கருத்து என்றும், இரண்டாவது தட்டு முதிர்வுக் கருத்து என்றும் வழங்கப்படுகின்றன.

உறுப்பு உண்டா என்ற முதல் வழக்கு

காமில்லோ கோல்கி 1898இல் இத்தாலியின் பாவியா நகரில், வெள்ளி உப்பால் சாயமேற்றிய ஆந்தையின் சிறுமூளை நரம்பணுக்களில் வலை போன்ற ஓர் அமைப்பைக் கண்டு அறிவித்தார். அடுத்த அரை நூற்றாண்டு, அப்படி ஓர் உறுப்பு உண்மையில் இருக்கிறதா, அல்லது உலோகச் சாயம் உண்டாக்கிய போலித் தோற்றமா என்ற வழக்கிலேயே கழிந்தது. சாயம் சில உயிரணுக்களில் ஏறியது, சிலவற்றில் ஏறவில்லை; ஏறியபோதும் வடிவம் மாறி மாறித் தெரிந்தது. எனவே ஐயம் நியாயமானதே. ஜார்ஜ் பலாடேயும் ஆல்பர்ட் குளோடும் 1949இல் அது போலித் தோற்றம் என்றே எழுதினார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி 1950களின் நடுவில் அடுக்கிய பைகளைத் தெளிவாகக் காட்டிய பிறகே வழக்கு முடிந்தது. பிற்காலத்தில் இந்த உறுப்பின் பணியை நிலைநாட்டியவர்களில் முதல்வராக அதே பலாடே விளங்கியது, சான்றுக்குத் தலைவணங்கும் அறிவியல் பண்புக்கு நல்ல எடுத்துக்காட்டு.

படம் தெளிவானதும் முதலில் பிறந்தது முதிர்வுக் கருத்துதான். பிரெஞ்சு விலங்கியலாளர் பியர்-பால் கிராஸே 1957இல், அடுக்கின் ஒரு முகத்தில் புதுப் பைகள் உருவாகி மறுமுகத்தில் சுரப்புப் பைகளாகக் கலைகின்றன, உறுப்பு இடைவிடாமல் புதுப்பிக்கப்படுகிறது என்று முன்வைத்தார். சில பாசிகளில் கிடைத்த படங்கள் இதற்கு வலுச் சேர்த்தன. அந்தப் பாசிகளின் உடலைப் போர்த்தும் செதில்கள் கோல்கைத் தட்டுகளுக்குள்ளேயே உருவாகின்றன; சிஸ் முகத்தருகே அரைகுறையாகவும் டிரான்ஸ் முகத்தருகே முழுமையாகவும் தென்படுகின்றன. அவ்வளவு பெரிய செதில் சின்னஞ்சிறு பையில் ஏறி அடுத்த தட்டுக்குப் போக வழியில்லை. ஆயினும் இவை அசையாப் படங்கள். அசையாப் படங்களை வரிசைப்படுத்தி இயக்கத்தை ஊகிப்பதில் உள்ள ஆபத்து அன்றே உணரப்பட்டிருந்தது. பாசியில் நடப்பது பாலூட்டியிலும் நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கணையத்தில் வரையப்பட்ட பாதை

இயக்கத்தை அளக்க ஒரு வழியை நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பலாடேயும் ஜேம்ஸ் ஜேமிசனும் கண்டனர். கினிப்பன்றியின் கணையத் துண்டுகளுக்கு மூன்று நிமிடம் மட்டும் கதிரியக்க லியூசின் கொடுத்து, பிறகு சாதாரண லியூசினுக்கு மாற்றினர். அந்த மூன்று நிமிடத்தில் உருவான புரதங்கள் மட்டும் கதிரியக்கம் சுமந்தன. வெவ்வேறு நேரங்களில் திசுவைப் பதப்படுத்தி, கதிரியக்கம் எங்கே இருக்கிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, முதலில் எண்டோபிளாச வலையிலும், சில நிமிடங்களில் கோல்கையின் ஓரத்திலும், அரை மணி நேரத்துக்குச் சற்றுப் பிறகு சுரப்பைச் செறிவாக்கும் பைகளிலும், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முதிர்ந்த சுரப்பு மணிகளிலும் தென்பட்டது. 1967இல் வெளியான இந்த ஆய்வு உயிரணுவியலின் மிக நேர்த்தியான சோதனைகளுள் ஒன்று. குளோட், கிறிஸ்டியன் டி துவ் ஆகியோருடன் பலாடே 1974ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்.

பாதையின் நிறுத்தங்கள் உறுதியாயின. ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும் வாகனம் சிறிய சவ்வு நுண்பையாக இருக்க வேண்டும் என்று பலாடே கருதினார். கோல்கையைச் சுற்றி அத்தகைய நுண்பைகள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. எண்டோபிளாச வலையின் சவ்வும் கோல்கையின் சவ்வும் வேதியியல் இயல்பில் வேறுபட்டே நிலைத்தன. அறைகள் நிலையானவை, சரக்கு மட்டுமே நகர்கிறது என்ற எண்ணம் இதிலிருந்து இயல்பாகக் கிளைத்தது.

நுண்பைகளின் காலம்

1980களில் இந்தக் கருத்து ஏறக்குறைய பாடநூல் உண்மையாகவே ஆனது. இரண்டு ஆய்வுக்கூடங்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வழிகளில் புறப்பட்டு, ஒரே மூலக்கூறுகளில் வந்து சந்தித்தன.

பெர்க்லியில் ரேண்டி ஷெக்மனும் பீட்டர் நோவிக்கும் ஈஸ்டைத் தேர்ந்தெடுத்தனர். சுரப்பு தடைபட்ட ஈஸ்ட் அணு, புரதத்தை உருவாக்கிக்கொண்டே இருக்கும், ஆனால் மேற்பரப்பை விரிவாக்க முடியாது. எனவே அதன் அடர்த்தி கூடும் என்று அவர்கள் கணித்தனர். அடர்த்தியின் அடிப்படையில் பிரித்தெடுத்தபோது, 37 டிகிரி வெப்பத்தில் சுரப்பு நின்றுபோகும் சடுதிமாற்ற வகைகள் கைக்கு வந்தன. 1980இல் 23 மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. ஒரு மரபணு பழுதானால் புரதம் எண்டோபிளாச வலையில் தேங்கியது. இன்னொன்று பழுதானால் கோல்கையில். மற்றொன்றில் நுண்பைகள் குவிந்து கிடந்தன.

ஜேம்ஸ் ராத்மன் ஸ்டான்ஃபோர்டில் வேறு வழியில் சென்றார். உயிரணுவை உடைத்து, அதன் பாகங்களைச் சோதனைக் குழாயில் வேலைசெய்ய வைப்பது அவர் நோக்கம். சீன வெள்ளெலியின் சினைப்பை உயிரணுக்களில், ஒரு குறிப்பிட்ட சர்க்கரையைச் சேர்க்கும் நொதி இல்லாத வகை ஒன்று இருந்தது. அந்த வகையில் வைரஸ் ஒன்றின் சவ்வுப் புரதத்தை உருவாக்கச் செய்து, அதன் கோல்கையைப் பிரித்தெடுத்தார். நொதி உள்ள, ஆனால் வைரஸ் புரதம் இல்லாத சாதாரண உயிரணுவின் கோல்கையோடு அதைக் கலந்தார். ஆற்றல் தரும் ஏடிபியும் சைட்டோபிளாசச் சாறும் சேர்த்தபோது, வைரஸ் புரதத்தில் சர்க்கரை ஏறியது. ஒரு கோல்கையிலிருந்து மற்றொன்றுக்கு ஏதோ சென்றிருக்கிறது. புரதம் நுண்பையில் ஏறிச் சென்றது என்று 1984இல் வெளியான கட்டுரைகள் விளக்கின.

இந்தச் சோதனைக் குழாயிலிருந்து வந்த அறுவடை பெரிது. நுண்பை சவ்வோடு இணையத் தேவையான என்எஸ்எஃப் என்ற புரதம் 1988இல் தூய்மைப்படுத்தப்பட்டது. ஷெக்மன் குழுவின் செக்18 மரபணு உருவாக்கும் புரதமே அதன் ஈஸ்ட் வடிவம் என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. நுண்பையும் சேருமிடமும் ஒன்றையொன்று இனங்கண்டு இணைய உதவும் ஸ்நேர் புரதங்கள் 1993இல் விளக்கம் பெற்றன. நுண்பையைச் சவ்விலிருந்து கிள்ளியெடுக்கும் புரத உறைகளும் தெளிவாயின. கோல்கையில் காப்-1, எண்டோபிளாச வலையில் காப்-2. ராத்மன், ஷெக்மன், நரம்பணுச் சுரப்பை ஆராய்ந்த தாமஸ் சூதோஃப் ஆகிய மூவரும் 2013ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதில் ஒரு நுணுக்கத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நுண்பைகள் உண்டு, அவை இப்படிப்பட்ட பொறியமைப்பால் உருவாகி இணைகின்றன என்பது ஒரு முடிவு. கோல்கைத் தட்டுகளுக்கிடையே சரக்கை முன்னோக்கிச் சுமப்பது அந்த நுண்பைகளே என்பது இன்னொரு முடிவு. முதலாவது அசைக்க முடியாதது. இரண்டாவது முதலாவதோடு சேர்ந்தே ஏற்கப்பட்டதால், தனியாகச் சோதிக்கப்படாமல் நெடுநாள் இருந்துவிட்டது.

1984ஆம் ஆண்டுச் சோதனைக்கும் இது பொருந்தும். சர்க்கரை ஏறியது என்பது மட்டுமே அதில் நேரடியாக அளக்கப்பட்டது. வைரஸ் புரதம் நொதியிடம் சென்றாலும் சர்க்கரை ஏறும். நொதி வைரஸ் புரதத்திடம் வந்தாலும் ஏறும். 1990களின் இறுதியில் காப்-1 நுண்பைகளைப் பிரித்து ஆராய்ந்தபோது, நொதியைச் சுமந்து எதிர்த்திசையில் செல்லும் நுண்பைகளே அந்த முடிவைத் தந்திருக்கக்கூடும் என்ற வாதம் வலுப்பெற்றது. அதே தரவு, நேரெதிரான பொருள். ஆய்வு முறைகளைக் கற்பிக்கும் எவரும் மாணவர்களுக்குக் காட்டத்தக்க இடம் இது.

நுண்பையில் அடங்காத சரக்கு

நிலையான அறைகள் கருத்தில் விரிசல் விழுந்தது மூன்று பக்கங்களிலிருந்து.

முதலாவது, பின்னோக்கிய போக்குவரத்து. எண்டோபிளாச வலையில் தங்க வேண்டிய புரதங்களின் வால்பகுதியில் கேடிஇஎல் என்ற நான்கு அமினோ அமிலங்களின் அடையாளம் இருப்பதை ஷான் மன்ரோவும் ஹ்யூ பெல்ஹாமும் 1987இல் காட்டினர். அந்தப் புரதங்கள் தப்பிக் கோல்கைக்குச் சென்றாலும் பிடித்துத் திருப்பி அனுப்பப்படுகின்றன. 1989இல், பூஞ்சையிலிருந்து கிடைக்கும் பிரெஃபெல்டின் ஏ என்ற சேர்மம் கொடுத்ததும் கோல்கை நொதிகள் எண்டோபிளாச வலைக்குள் திரும்பிக் கலந்துவிடுவதை ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸும் உடன் பணியாற்றியோரும் கண்டனர். நிலையானது என்று கருதப்பட்ட உறுப்பு சில நிமிடங்களில் கலைந்துபோனது. 1994இல், திரும்பி வரும் போக்குவரத்துக்குக் காப்-1 இன்றியமையாதது என்று ஈஸ்டில் நிறுவப்பட்டது. முன்னோக்கிச் சுமப்பது என்று நம்பப்பட்ட நுண்பைக்குப் பின்னோக்கிய வேலையும் இருப்பது உறுதியாயிற்று.

இரண்டாவது, அளவு. காப்-1, காப்-2 நுண்பைகளின் விட்டம் பெரும்பாலும் 50 முதல் 100 நானோமீட்டருக்குள் அடங்கும். கொலாஜனின் முன்வடிவமோ ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமுள்ள விறைப்பான கம்பி. அது கோல்கைக்குள் கற்றைகளாகவும் சேர்ந்துகொள்கிறது. அல்பெர்ட்டோ லுயினியின் குழு 1998இல், இந்தக் கற்றைகள் சிஸ் முகத்திலிருந்து டிரான்ஸ் முகம் வரை தட்டுகளின் உட்குழியை விட்டு ஒருபோதும் வெளியேறாமலே கடந்து செல்வதைக் காட்டியது. 2001இல் அதே குழு, சிறிய வைரஸ் புரதமும் கொலாஜனும் ஒரே வேகத்தில் செல்வதையும் காட்டியது. சிறியதற்கு நுண்பை, பெரியதற்கு வேறு வழி என்று பிரிக்கலாம் என எண்ணியவர்களுக்கு இது கடினமான முடிவு. பெரிய சரக்குக்கென்று பெரிய பைகள் உருவாகின்றன என்று ராத்மன் தரப்பிலிருந்து 2000இல் ஒரு பதில் வந்தது; கொலாஜன் படங்களோடு அதை ஒட்டவைப்பது எளிதாக இல்லை.

மூன்றாவது, நுண்பைக்குள் இருப்பது என்ன என்ற கேள்வி. முதிர்வுக் கருத்து சரியென்றால் காப்-1 நுண்பைகளில் நொதிகள் செறிந்திருக்க வேண்டும், சரக்கு இருக்கக் கூடாது. நிலையான அறைகள் கருத்து சரியென்றால் நேர்மாறு. தங்கத் துகள் பூட்டிய எதிர்ப்பொருள்களால் இதைச் சோதித்த ஆய்வுகள் முரண்பட்ட விடைகளைத் தந்தன. நொதிகள் நுண்பைகளில் இல்லை என்று 2000இல் ஒரு குழு; நுண்பைகளில் திரும்பும் புரதங்களே உண்டு, முன்செல்லும் சரக்கு இல்லை என்று 2001இல் மற்றொரு குழு. சரக்கு சுமப்பவை, திரும்புபவை என இருவகைக் காப்-1 நுண்பைகள் உண்டு என்ற முடிவு 1997லேயே வெளியாகியிருந்தது. எந்த நொதி, எந்த உயிரணு, திசுவைப் பதப்படுத்திய முறை எது என்பதைப் பொறுத்து விடை மாறியதாகவே தோன்றுகிறது. இந்த ஒரு சோதனையால் வழக்கைத் தீர்த்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை.

ஈஸ்ட் காட்டியது

தீர்க்கமான சான்று வந்தது, கோல்கையின் தோற்றத்தில் மிக எளியதான ஓர் உயிரியிலிருந்து. ரொட்டி ஈஸ்டில் கோல்கைத் தட்டுகள் அடுக்காக இல்லை. தனித்தனியாகச் சைட்டோபிளாசத்தில் சிதறிக் கிடக்கின்றன. அதனால் ஒவ்வொரு தட்டையும் ஒளி நுண்ணோக்கியில் தனியே பின்தொடரலாம். சிகாகோவில் பெஞ்சமின் கிளிக்கின் குழுவும், ஜப்பானின் ரிக்கன் நிறுவனத்தில் அகிஹிகோ நகானோவின் குழுவும் முன்கட்டப் புரதம் ஒன்றைப் பச்சையாகவும் பின்கட்டப் புரதம் ஒன்றைச் சிவப்பாகவும் ஒளிரச் செய்தன. அறைகள் நிலையானவை என்றால் பச்சைத் தட்டு பச்சையாகவே இருக்கும். முதிர்கின்றன என்றால் பச்சை மங்கிச் சிவப்பு ஏறும். 2006இல் நேச்சர் இதழில் அடுத்தடுத்து வெளியான இரு கட்டுரைகளும் இரண்டாவதையே காட்டின. ஒரே தட்டு, சில நிமிடங்களுக்குள், பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. காப்-1 பழுதான ஈஸ்டில் மாற்றம் மந்தமானது என்றும் நகானோ குழு கண்டது.

ஒரு குறை எஞ்சியது. இந்தச் சோதனைகள் பின்தொடர்ந்தது கோல்கையின் குடியிருப்புப் புரதங்களை, சரக்கை அல்ல. தட்டு முதிர்கிறது என்பதால் சரக்கு அதற்குள்ளேயே இருக்கிறது என்று ஆகிவிடாது. இந்த இடைவெளி 2019இல் நிரம்பியது. இரு குழுக்களும் ஒளிரும் சரக்குப் புரதத்தைத் தனித்தனியாகப் பின்தொடர்ந்து, தட்டு முதிரும்போது சரக்கு அதே தட்டில் தங்கியிருப்பதைக் கண்டன. சரக்கில் ஒரு பகுதி பின்கட்டத் தட்டிலிருந்து முன்கட்டத் தட்டுக்குத் திரும்புவதையும் கிளிக் குழு பதிவு செய்தது. எளிய முதிர்வுப் படத்தில் இதற்கு இடமிருக்கவில்லை.

மாற்றத்தை யார் இயக்குகிறார்கள் என்பதற்கும் ஓரளவு விடை உண்டு. ராப் வகைச் சிறு புரதங்கள் தட்டுக்கு அடையாளம் தருகின்றன. ஒரு ராப் புரதம் அடுத்ததை வரவழைக்க, வந்தது முந்தையதை நீக்கும் தொடர் ஏற்பாடு ஈஸ்டில் காட்டப்பட்டிருக்கிறது. காப்-1 முக்கியமாக முன்கட்ட முதிர்வையே இயக்குகிறது என்று 2015இல் கிளிக் குழு தெரிவித்தது. பின்கட்டத்தில் வேறு உறைப் புரதங்கள் பொறுப்பேற்பதாகத் தெரிகிறது.

எதிர்வாதங்களும் இடைவழிகளும்

ஈஸ்டுக்குப் பொருந்துவது பாலூட்டிக்கும் பொருந்துமா? இங்கேதான் இன்றைய விவாதம் நிற்கிறது. பாலூட்டித் தட்டின் தடிமன் சில பத்து நானோமீட்டர். தட்டுகள் நெருங்கி அடுக்கப்பட்டவை. சாதாரண ஒளி நுண்ணோக்கியின் பகுப்புத்திறன் ஏறத்தாழ 200 நானோமீட்டர். ஈஸ்டில் செய்த நேரடிக் காட்சிச் சோதனையை அங்கே அப்படியே செய்ய முடியாது.

மறைமுகச் சோதனைகள் ஒரே திசையைக் காட்டவில்லை. முதிர்வுக் கருத்தின்படி, கோல்கைக்குள் நுழைந்த சரக்கு தட்டு முதிரும்வரை காத்திருந்து, ஒரு தாமதத்துக்குப் பின் மொத்தமாக வெளியேற வேண்டும். லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸ் குழு 2008இல் அளந்தபோது அப்படி ஒரு தாமதம் தென்படவில்லை. கோல்கையில் உள்ள சரக்கு உடனடியாகவே வெளியேறத் தொடங்கி, அடுக்குக்குறி முறையில் குறைந்துகொண்டே வந்தது. புதிதாக வந்தது, முன்பே வந்தது என்ற வேறுபாடு இல்லை. எந்தத் தட்டிலிருந்தும் சரக்கு வெளியேறலாம், சவ்வின் கொழுப்புக் கலவையே எது பதப்படுத்தலுக்கு, எது ஏற்றுமதிக்கு என்று பிரிக்கிறது என அந்தக் குழு முன்வைத்தது. இந்த அளவீட்டை முதிர்வுக் கருத்தாளர்கள் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இக்கருத்துக்கும் தொல்லை உண்டு. சரக்கு சிஸ் முகத்திலிருந்து டிரான்ஸ் முகத்துக்கு அலைபோல் வரிசையாகச் செல்வதைக் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்கு இது நேரடி விளக்கம் தரவில்லை. தட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் கொலாஜன் கற்றைக்கும் இதில் எளிதாக இடமில்லை.

ராத்மன் தரப்பும் ஓயவில்லை. 2013இல் அவர்கள் சவ்வில் பதிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் செயற்கைப் புரதங்களால் தட்டின் இருபக்கச் சவ்வுகளையும் உள்ளிருந்தே இணைத்துத் தைத்தனர். சிஸ் தட்டில் இட்ட அந்தத் தையல் பல மணி நேரம் கழித்தும் சிஸ் பக்கத்திலேயே இருந்தது. கரையும் தன்மையுள்ள திரள்களோ முன்னேறிச் சென்றன. தட்டின் தட்டையான நடுப்பகுதி நிலையானது, உப்பிய விளிம்பே நகர்கிறது என்ற விளிம்பு நகர்வுக் கருத்து இதிலிருந்து பிறந்தது. 2017இல், தட்டுகளை மைட்டோகாண்டிரியாவோடு ஒட்டவைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தபோதும் சரக்கு கடந்து செல்கிறது என்று ராத்மன் பங்கேற்ற குழு காட்டியது. இவை கூர்மையான சோதனைகள். ஆனால் தைக்கப்பட்ட, ஒட்டவைக்கப்பட்ட தட்டு, இயல்பான தட்டு நடந்துகொள்வதுபோல் நடந்துகொள்கிறதா என்ற கேள்வியை அவை தம்மோடு சுமந்தே வருகின்றன. லுயினி பங்கேற்ற குழு, நொதிகளைத் திரளாக்கி நுண்பையில் ஏற முடியாதபடி செய்தபோது, திரண்ட நொதி சரக்கைப் போலவே முன்னேறியதாக அதே 2013இல் வெளியிட்டது. ஏறக்குறைய ஒத்த உத்தி, எதிரெதிரான முடிவு. திரள் சவ்வைப் பிணைத்ததா, உட்குழியில் மிதந்ததா என்பதில் வேறுபாடு இருக்கலாம்.

குழாய் இணைப்புகள் மற்றொரு சாத்தியம். சரக்கு வெள்ளம் வரும்போது வெவ்வேறு தட்டுகளைச் சேர்க்கும் மெல்லிய சவ்வுக் குழாய்கள் உருவாவதை 2004இல் முப்பரிமாண எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. அல்புமின் போன்ற சிறிய கரையும் புரதங்கள் அந்த வழியே பரவிச் செல்வதாக 2014இல் ஓர் ஆய்வு வந்தது. எல்லாத் தட்டுகளும் எப்போதும் இணைந்திருந்தால் நொதிகளின் வரிசை குலைந்துபோயிருக்கும். எனவே இவை தற்காலிக இணைப்புகளாகவே இருக்க வேண்டும். சூசன் ஃபெஃபர் போன்றோர், ராப் புரதங்கள் வரையறுக்கும் சவ்வுப் பகுதிகள் பிரிந்தும் இணைந்தும் சரக்கை நகர்த்துகின்றன என்ற நடுவழியை முன்வைத்தனர்.

எண்டோபிளாச வலையின் வாசலில்

இதே கேள்வி ஒரு படி முன்னாலும் எழுந்திருக்கிறது. எண்டோபிளாச வலையிலிருந்து புறப்படும் சரக்கு காப்-2 நுண்பைகளில் ஏறுகிறது என்பது பாடநூல் விளக்கம். கொலாஜனுக்கு அந்த நுண்பை போதாது என்பதால், அதை ஏற்ற உதவும் டேங்கோ1 என்ற புரதத்தை விவேக் மல்ஹோத்ராவின் குழு 2009இல் விளக்கியபோது அது பெரும் கவனம் பெற்றது. பெரிதாக வளர்ந்த காப்-2 பை கொலாஜனைச் சுமக்கிறதா, டேங்கோ1 ஏற்படுத்தும் குறுகிய சுரங்க வழியில் செல்கிறதா என்பது முடிவாகவில்லை. உயிருள்ள அணுக்களையும், உறையவைத்த அணுக்களின் முப்பரிமாணப் படங்களையும் இணைத்து 2021இல் வெளியான ஆய்வொன்று, எண்டோபிளாச வலையிலிருந்து நீளும் பின்னிய குழாய்களே சரக்கைச் சுமக்கின்றன, காப்-2 அவற்றின் கழுத்தில் மட்டுமே நிற்கிறது என்று சொன்னது. உறைப் புரதம் வாகனமா, வாயிற்காவலா என்பதைத் தீர்மானிக்க இன்னும் பல உயிரணு வகைகளில் சோதிக்க வேண்டும்.

நோய்கள் தரும் சான்று

கோட்பாட்டுப் பூசலாகத் தோன்றினாலும் இதன் விளைவு மருத்துவமனைக்கும் எட்டுகிறது. காக் என்ற எட்டு உறுப்புப் புரதத் தொகுப்பு, கோல்கைக்குள் பின்னோக்கி வரும் நுண்பைகளைப் பிடித்துச் சேர்க்கிறது. இதன் ஏழாம் உறுப்பில் பழுதுடன் பிறந்த குழந்தைகளின் நோய் 2004இல் விளக்கப்பட்டது. அவர்களின் புரதங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் குறைபட்டிருந்தன. நொதிகள் திரும்பி வந்து உரிய தட்டில் சேராவிட்டால் சர்க்கரை வேலை குலையும் என்பதே இதன் பொருள். முதிர்வுக் கருத்து எதிர்பார்ப்பதும் இதுதான். நிலையான அறைகள் கருத்திலும் ஓரளவு நொதித் திருப்பம் இடம்பெற முடியும் என்பதால் இதை முடிவான சான்றாகக் கொள்வது மிகையாகும். எலிகளில் டேங்கோ1 முழுவதுமாக இல்லாவிட்டால் கொலாஜன் சுரப்பு பரவலாகக் கெட்டு, குட்டிகள் பிறந்ததும் இறக்கின்றன. காப்-2 உறையின் ஒரு கூறான செக்23ஏ பழுதுபட்டால் மண்டையோட்டு எலும்புகள் சரியாக இணையாத பிறவிக் குறை உண்டாவது 2006இல் அறியப்பட்டது. உடலெங்கும் வேலைசெய்யும் ஒரு பொது இயந்திரம் பழுதானால் ஏன் எலும்பும் தோலும் முதலில் அடிவாங்குகின்றன என்பதற்கு, கொலாஜனின் நீளமே ஒரு பகுதி விடையாக இருக்கலாம்.

தீராதவை

சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், தட்டுகள் முதிர்கின்றன என்பதை ஈஸ்டைப் பொறுத்தவரை நிறுவப்பட்ட உண்மையாகக் கொள்ளலாம். பாசிச் செதிலுக்கும் பாலூட்டியின் கொலாஜனுக்கும் அதுவே மிகக் குறைந்த ஊகங்களோடு பொருந்தும் விளக்கம். பாலூட்டியின் சிறிய சரக்குகளுக்கு அது மட்டுமே வழி என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. குழாய்களும் முன்செல்லும் நுண்பைகளும் ஓரளவு பங்கேற்கக்கூடும். எந்த அளவு என்பது உயிரணுவின் வகையையும் சுரப்பின் சுமையையும் பொறுத்து மாறலாம். ஒவ்வொரு கருத்தும் தனக்கு வசதியான ஓர் உயிரணுவிலும் ஒரு சரக்கிலும் வேரூன்றி வளர்ந்தது என்பதை மறந்துவிட்டு வாதிட்டதே இந்த விவாதத்தை இவ்வளவு நீட்டியது.

மூன்று கேள்விகளுக்குத் தெளிவான விடை இல்லை. முதலாவது, 2008இல் அளக்கப்பட்ட தாமதமற்ற வெளியேற்றத்தை முதிர்வுக் கருத்துக்குள் எப்படிப் பொருத்துவது. சரக்கு தட்டுகளுக்கிடையே முன்னும் பின்னும் கலக்கிறது என்று சில கணித மாதிரிகள் ஈடுசெய்கின்றன. அந்தக் கலப்பு நேரில் அளக்கப்பட வேண்டும். இரண்டாவது, தட்டுகள் ஏன் அடுக்கப்பட்டிருக்கின்றன. ரொட்டி ஈஸ்ட் அடுக்கின்றியே வாழ்கிறது. பிக்கியா என்ற மற்றோர் ஈஸ்டில் அழகிய அடுக்குகள் உள்ளன. இரண்டும் நன்றாகவே சுரக்கின்றன. மூன்றாவது, ஒரு நொதி எந்தத் தட்டில் எவ்வளவு நேரம் தங்க வேண்டும் என்பதை எது நிர்ணயிக்கிறது. அதன் சவ்வு ஊடுருவும் பகுதியின் நீளம், சவ்வின் தடிமன், காப்-1 உறையோடு நொதியை இணைக்கும் இடைத்தரகப் புரதங்கள் எனப் பல காரணிகள் முன்வைக்கப்பட்டுள்ளன; எதுவும் எல்லா நொதிகளுக்கும் பொருந்தவில்லை.

முடிவைத் தரக்கூடிய சோதனை எது என்பதில் இரு தரப்பும் பெரிதும் உடன்படுகின்றன. தைக்காமல், ஒட்டாமல், பிரிக்காமல், உயிருள்ள பாலூட்டி அணுவில் அடுக்கில் உள்ள ஒரே தட்டின் நொதியையும் அதன் சரக்கையும் ஒருங்கே, சிஸ் முகத்திலிருந்து டிரான்ஸ் முகம் வரை பின்தொடர வேண்டும். பகுப்பெல்லையைக் கடந்த ஒளி நுண்ணோக்கிகள் அதற்குத் தேவையான நுணுக்கத்தை நெருங்கிவிட்டன. ஆனால் ஈஸ்டில் கிடைத்த அளவுக்கு ஐயத்துக்கு இடமில்லாத காட்சி பாலூட்டியின் அடுக்கிலிருந்து இன்னும் கிடைக்கவில்லை.